ஆஃப் ஆன ஜீனும் கெட்டுப்போன ஜீனும்

கேள்வி:

டாக்டர் அக்கா, நாங்கள் புளியரைப் பக்கம். அப்பாவுக்கு 68 வயது. மர அறுவை மில்லில் இருந்தவர், நாற்பது வருஷப் பீடி. இரண்டு மாதம் முன்பு திருவனந்தபுரத்தில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூன்றாவது ஸ்டேஜ், நிணநீர்க் கணுவில் இருக்கிறது, வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். கட்டியைச் சோதித்த ரிப்போர்ட்டில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 என்ற இரண்டும் ‘இல்லை’, பிராஃப் மாற்றம் ‘இல்லை’, எம்.எல்.எச்.1 புரொமோட்டர் மெத்திலேஷன் ‘உண்டு’ என்று போட்டிருக்கிறது. டாக்டர் மலையாளத்தில், “ஜீன் ஆஃப் ஆயிப்போயி, பேடிக்கண்டா” (ஜீன் ஆஃப் ஆகிவிட்டது, பயப்பட வேண்டாம்) என்றார். கூட வந்த சித்தப்பா ஊருக்கு வந்து, “ஜீனே செத்துப்போச்சாம், பரம்பரை வியாதியாம்” என்று சொல்லிவிட்டார். தங்கைக்குப் பேசி முடித்த இடத்தில் இப்போது யோசிக்கிறார்கள். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் ரத்தத்தில் இன்னொரு ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். கட்டியில்தான் பார்த்தாச்சே, மறுபடி எதற்கு? புனலூரில் ஒருவர், குறைந்துபோன என்சைமை ஈடுகட்ட ஒரு பவுடர் தருகிறாராம். ஆஸ்பிரின் சாப்பிட்டால் திரும்ப வராது என்கிறார் மதினியின் அண்ணன். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கேன்சர் கிடையாது. அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, 45 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

பதில்:

தங்கச்சி, அந்த மலையாள டாக்டர் சொன்னது ரொம்பச் சரியான வார்த்தை. ஆரியங்காவு தாண்டி ஊருக்கு வருவதற்குள் ‘ஆஃப்’ என்பது ‘செத்துப்போச்சு’ ஆகிவிட்டது. என் வேலையே இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதுவதுதான். அதனால் சொல்கிறேன், அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் உங்கள் கேள்விகள் அத்தனைக்கும் பதில்.

உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால் இது பெரும்பாலும் பரம்பரை இல்லை. ‘பெரும்பாலும்’ என்று ஏன் போட்டேன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்குக் காரணம் உங்கள் அத்தை.

உங்கள் ஊரில் வயல் இருக்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. குளத்தில் தண்ணீர் கிடக்கிறது, கீழே வயல் காய்கிறது. ஏன்? ஒன்று, கரை உடைந்து தண்ணீர் வேறு பக்கம் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் கரை நன்றாகவே இருக்கும், மடைக்கண்ணில் சேறு அடைத்திருக்கும். வயலில் நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான், பயிர் காய்கிறது. கரை மேல் ஏறிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஜீனில் எழுத்தே மாறிப்போவது கரை உடைவது மாதிரி. மெத்திலேஷன் என்பது மடையில் சேறு அடைப்பது. ஜீனுக்குத் தொடக்கத்தில் புரொமோட்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜீன் எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் மடை அதுதான். அதன் மேல் மெத்தில் என்ற மிகச் சின்ன வேதிக்குறிகள், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்தவை, கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டால் ஜீன் வாயடைத்துப்போகும். எழுத்து ஒன்றுகூட மாறியிருக்காது. வாசிக்க ஆள் வரமாட்டான், அவ்வளவுதான்.

மனித உடம்பில் புரதம் தயாரிக்கும் ஜீன்கள் சுமார் 20,000. கண்ணிலும் கல்லீரலிலும் குடலிலும் அதே 20,000தான். கண் கண்ணாக இருப்பதும் குடல் குடலாக இருப்பதும் எந்த மடை எங்கே திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து. புற்றுநோய்க் கட்டி இந்த மடைகளைத் தன் வசதிக்குத் திறந்து மூடும் திருட்டு நீர்க்காரன். உங்கள் அப்பாவின் கட்டியில் அவன் மூடிய மடைகளில் ஒன்று எம்.எல்.எச்.1.

அது மூடினால் என்ன ஆகும்? செல் ஒவ்வொரு தடவை இரண்டாகும்போதும் டி.என்.ஏ. முழுவதையும் படி எடுக்க வேண்டும். படி எடுப்பதில் பிழை விழும். அந்தப் பிழையைக் கண்டுபிடித்து வெட்டித் திருத்தும் கூட்டத்தில் எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 என்ற இரண்டு புரதங்களும் ஜோடி. வெட்டுகிற கத்தி பி.எம்.எஸ்.2 கையில் இருக்கிறது, அதாவது நொதி வேலை, நீங்கள் சொல்லும் என்சைம் வேலை, அதனுடையது. இந்தத் திருத்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 2015இல் பால் மோட்ரிச் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு ‘இல்லை’ இருப்பதைப் பார்த்து இரண்டு ஜீன் போய்விட்டதாக நினைக்காதீர்கள். பி.எம்.எஸ்.2இன் ஜீனுக்கு ஒரு கேடும் இல்லை. அதன் மடை திறந்துதான் இருக்கும், புரதமும் தயாராகும். ஆனால் எம்.எல்.எச்.1 கூட இல்லாமல் அதனால் நிற்க முடியாது, செல்லே அதைச் சிதைத்துவிடும். ஒன்று போனால் மற்றதும் காணாமல் போகும். ஆக, நடந்த தப்பு ஒன்று, ரிப்போர்ட்டில் தெரிவது இரண்டு. இதை யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் பாதிப் பயம் அன்றே போயிருக்கும்.

இனி பரம்பரை விஷயம். பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தில் இந்தத் திருத்த வேலை நின்றுபோயிருக்கும். அவற்றில் பெரும்பான்மைக்குக் காரணம் உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததுதான்: பிறப்பில் எல்லாம் சரியாக இருந்து, வயதான பிறகு குடலின் ஏதோ ஒரு செல்லில் மடை அடைந்துபோனது. வலப்பக்கக் குடல், மூத்த வயது இரண்டும் இதற்கு வழக்கமான அடையாளம். புகைப் பழக்கத்துக்கும் இந்த வகைக் கட்டிக்கும் தொடர்பு உண்டு என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதற்காக அப்பாவிடம் இப்போது பீடிக் கணக்குப் பேச வேண்டாம். நிறுத்தினாரா என்று மட்டும் பாருங்கள்.

பிறவியிலேயே ஜீன் எழுத்து பிழையாக வருவது வேறு. அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர், மொத்தப் பெருங்குடல் புற்றுநோயில் சுமார் 3 சதவீதம். அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இந்த இரண்டையும் பிரிக்கத்தான் உங்கள் லேபில் முதலில் பிராஃப் என்ற இன்னொரு ஜீனைப் பார்த்தார்கள். பிராஃப் மாற்றம் இருந்திருந்தால் லிஞ்ச் அநேகமாக இல்லை என்று அங்கேயே முடித்திருப்பார்கள். அது இல்லை என்பதால் அடுத்த படியாக மெத்திலேஷன் பார்த்தார்கள், கிடைத்தது. முறையாக வேலை செய்த லேப். சித்தப்பா ‘இல்லை, இல்லை, உண்டு’ என்று வாசித்துவிட்டு அந்த ‘உண்டு’தான் வியாதி என்று எடுத்துக்கொண்டார். உங்களுக்கு ஆறுதலான வரியே அதுதான்.

கட்டியில் விழுந்த சேறு கட்டியோடு போயிற்று. உங்களுக்கும் தங்கைக்கும் அப்பா கொடுத்த எம்.எல்.எச்.1 நல்ல நிலையில் வந்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டில் கேட்டால் இதைச் சொல்லலாம். சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் எண்ணம். லிஞ்சாகவே இருந்தாலும் கல்யாணத்தை நிறுத்த அது காரணம் ஆகாது. குடலில் அவ்வப்போது குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டே நல்லபடியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எதிர்பாராத ஒரு நல்லதும் இதில் இருக்கிறது. திருத்த ஆள் இல்லாத செல் கண்டபடி பிழைவிடும், பிழையான புரதங்களைத் தயாரிக்கும். நம் நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றை அந்நியன் என்று அடையாளம் கண்டு கட்டிக்குள் நுழையும். பரவாத நிலையில் இந்த வகைக் கட்டிகள் மற்றவற்றைவிடச் சற்றுச் சாதுவாக இருப்பதற்கு இதுவே காரணம். பரவிய நிலையில்கூட, அந்த எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் நன்றாகக் கேட்கின்றன. கீமோவைவிட மேல் என்று 2020இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அப்பாவுக்கு இப்போது அந்த வகை மருந்து தேவையா என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். எப்படியும் ரிப்போர்ட்டின் இந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். நம் ஊரில் வீட்டுப் பத்திரத்தை வைக்கும் பெட்டியில் வைத்தாலும் தப்பில்லை. (எங்கள் செங்கோட்டை வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். 1956 நவம்பர் வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம்தானே.)

அடைத்த மடையைத் திறக்க மருந்து இல்லையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மெத்தில் குறிகளை உதிர்க்கும் மருந்தைப் போட்டதும் கிண்ணத்தில் வளர்த்த குடல் புற்றுச் செல்களில் எம்.எல்.எச்.1 மறுபடி வேலை செய்யத் தொடங்கியதை 1998இலேயே பார்த்துவிட்டார்கள். அந்த வகை மருந்துகள் சில ரத்த நோய்களுக்கு இன்று பயன்படுகின்றன. குடல் கட்டிக்கு வழக்கத்தில் வரவில்லை. அவை ஒரு மடையைப் பார்த்துத் திறப்பதில்லை, ஆற்றின் எல்லா மடையையும் தட்டித் திறக்கும்.

புனலூர்ப் பவுடரை இங்கேயே பேசி முடிக்கிறேன். அப்பாவின் கட்டியில் இல்லாமல் போன புரதம் செல்லின் உட்கருவுக்குள், டி.என்.ஏ. பக்கத்தில் இருக்க வேண்டியது. வாயில் போடும் எந்த என்சைமும் வயிற்றில் புரதம் செரிப்பது போலச் செரித்துத் துண்டாகிவிடும், உட்கருவுக்குப் போய்ச் சேராது. அதோடு, அந்தக் கட்டியே இப்போது உடம்பில் இல்லை. எந்தக் குறையை அந்தப் பவுடர் ஈடுகட்டப் போகிறது? அந்தப் பணத்தைப் பஸ் செலவுக்கு வையுங்கள்.

ரத்தச் சோதனை அப்படியல்ல. தயவுசெய்து எடுங்கள். “கட்டியில் பார்த்தாச்சே” என்பது நியாயமான கேள்விதான், ஆனால் அது வேறு மடை, வேறு வயல். அப்பாவுக்குக் கேபெசிடாபின் மாத்திரை, கூட ஆக்சாலிபிளாட்டின் ஊசி தரப்போகிறார்கள் என்று நினைக்கிறேன். கேபெசிடாபின் என்பது 5-எஃப்.யு. என்ற பழைய மருந்தின் மாறுவேடம். 5-எஃப்.யு. 1957இல் வந்தது, இன்றும் குடல் புற்றுநோய்க்கு அதுதான் அடித்தளம். மாத்திரையாக விழுங்கியது கல்லீரலில் ஒரு நொதியாலும், பிறகு இன்னொன்றாலும் மாறி, கடைசியில் தைமிடின் ஃபாஸ்ஃபோரிலேஸ் என்ற மூன்றாவது நொதியிடம் வந்துதான் மருந்தாகிறது. இந்த மூன்றாவது நொதியைப் பல கட்டிகள், சுற்றியுள்ள நல்ல திசுவைவிட அதிகமாகத் தயாரிக்கின்றன. தன் வளர்ச்சிக்காகத் திறந்த மடை வழியாகவே அவனுக்கு விஷம் போகிறது. மருந்து கண்டுபிடித்தவர்களின் இந்தக் குறும்பு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஆனால் உள்ளே போன 5-எஃப்.யு. வெளியேறவும் வேண்டும். அதில் 80 சதவீதத்துக்கு மேல் டி.பி.டி. என்ற நொதிதான், முக்கியமாகக் கல்லீரலில், உடைத்துத் தீர்க்கிறது. இந்த நொதியின் ஜீன் பிறவியிலேயே குறைபாடாக இருக்கிறவர்கள் சிலர் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் 68 வயது வரை இருப்பார்கள். மாத்திரை போட்ட முதல் இரண்டு வாரத்தில்தான் தெரியவரும்: வாய் வெந்து, வயிற்றுப்போக்கு நிற்காமல், வெள்ளணுக்கள் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். இங்கே மறுகால் பாயவில்லை, குளம் நிரம்பிக் கரை உடைகிறது. அதைத்தான் ரத்தத்தில் பார்க்கிறார்கள். இது அப்பாவின் சொந்த, பிறவி ஜீன். கட்டியைச் சோதித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இருந்து, இந்த மருந்தைத் தொடங்கும் முன் இதைப் பார்க்கச் சொல்கிறது. அந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் குறைபாடு என்று வந்தால் பொதுவாகப் பாதி அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்களிடம் கண்டறிந்தவை. நம்மவர்களுக்கு ‘ஒன்றும் இல்லை’ என்று ரிசல்ட் வந்தாலும் முழு நிம்மதி கொள்ளாதீர்கள். முதல் சுற்றில் வாய்ப்புண், ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போன் போடுங்கள். “அடுத்த செவ்வாய்க்கிழமை போகும்போது சொல்லிக்கலாம்” என்று காத்திருக்க வேண்டாம். செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரம் தூரம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அவசரத்துக்கு தென்காசியில் எங்கே போவது என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

கட்டி சும்மா இருக்காது என்பதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன், இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. 5-எஃப்.யு. குறிவைப்பது தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதியை. டி.என்.ஏ. கட்ட வேண்டிய ஒரு செங்கல்லை அதுதான் அறுத்துக் கொடுக்கிறது. இந்த நொதி வேலையில்லாமல் இருக்கும்போது, தன்னைத் தயாரிக்கச் சொல்லும் செய்திச் சீட்டின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டு “போதும், இனி வேண்டாம்” என்று தடுக்கும். 1991இல் கண்டுபிடித்தது. மருந்து வந்து நொதியைப் பிடித்துக்கொண்டால் அது சீட்டை விட்டு எழுந்துவிடும். தடுக்க ஆள் இல்லை, செல் இன்னும் அதிகமாக நொதியைத் தயாரிக்கும். மருந்துக்குக் கட்டி பழகிப்போவதில் இதற்கும் பங்கு உண்டு. கீமோவை ஒற்றை மருந்தோடு நிறுத்தாமல் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ப்பது அப்பாவுக்கு இரட்டிப்பு அவசியம். இந்த வகைக் கட்டிகளில் 5-எஃப்.யு. தனியாகப் பெரிய பலன் தருவதில்லை என்று இரண்டாம் நிலை நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். ஊசி வேண்டாம், மாத்திரை மட்டும் போதும் என்று அப்பா அடம்பிடித்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆஸ்பிரினுக்கு வருவோம். மதினியின் அண்ணன் சொன்னது முழுப் பொய் இல்லை. காக்ஸ்-2 என்று ஒரு நொதி, அதன் மடை நல்ல குடலில் அநேகமாக மூடியே கிடக்கும். பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அது அகலத் திறந்திருக்கும். அது தயாரிக்கும் பிராஸ்டாகிளாண்டின் கட்டியை வளர்க்கும், ரத்தக் குழாய்களை இழுத்து வரும். அதை உடைத்துத் தீர்க்க இன்னொரு நொதி உண்டு, அதன் மடையைக் கட்டி அடைத்துவைக்கும். வரத்தைத் திறந்து மறுகாலை அடைத்தால் குளம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பிரின் அந்த வரத்தைக் குறைக்கிறது. ஸ்வீடனையும் அண்டை நாடுகளையும் சேர்ந்த நோயாளிகளிடம் தினம் 160 மில்லிகிராம் என்று மூன்று வருஷம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. திரும்ப வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்தப் பலனைப் பார்த்தது பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற ஜீனிலோ அதன் கூட்டாளிகளிலோ மாற்றம் இருந்த கட்டிகளில். அப்பாவின் ரிப்போர்ட்டில் அந்த வரியே இல்லை. அதைச் சோதிக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நல்ல கேள்வி. பதில் வரும்வரை நீங்களாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம். ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது, கீமோவில் தட்டணுக்கள் குறையும், ரத்தக் கசிவுக்கு நாமே வழி வெட்டக் கூடாது.

சாப்பாடு பற்றி ஒரே வரி: பழைய கஞ்சி, கீரை, பயறு எல்லாம் அப்பாவின் வயிறு ஏற்கும் அளவுக்கு இருக்கட்டும், கீமோ நாட்களில் கஞ்சியைப் பழையதாக இல்லாமல் சுடச்சுடக் கொடுங்கள்.

இப்போது அத்தை. ‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்த வரியில்தான் என் கண் நின்றது. லிஞ்ச் குடும்பங்களில் குடலுக்கு அடுத்தபடியாகப் பெண்களுக்கு வருவது கர்ப்பப்பை உள்வரிப் புற்றுநோய், பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய வயதில் அல்லது அதற்கு முன்னால். 45 வயதில் கர்ப்பப்பையை எடுக்க நம் பக்கம் ஆயிரம் காரணம் உண்டு: நார்க்கட்டி, நிற்காத உதிரப்போக்கு, இறக்கம். அப்படியென்றால் இந்தப் பேச்சையே மறந்துவிடலாம். ஆனால் புற்றுநோய்க்காக எடுத்திருந்தால், மெத்திலேஷன் ‘உண்டு’ என்ற வரியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன். அரிதாக, பிறவிப் பிழை உள்ளவரின் கட்டியிலும் மெத்திலேஷன் வரும். அதைவிட அரிதாக, உடம்பு முழுக்க, ரத்தத்திலும் அந்த மடை அடைத்தே பிறக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது அப்பாவின் ரத்தத்தில் ஒரு சோதனை எடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் அப்பாவுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல.

அத்தை விஷயம் சாதாரணம் என்று தெரிந்தாலும், அப்பாவுக்கு வந்திருப்பதால் நீங்களும் தங்கையும் 40 வயதிலிருந்து மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் சோதனையை வருஷத்துக்கு ஒரு தடவையோ, கொலோனோஸ்கோப்பியைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவையோ செய்துகொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதும் இவ்வளவே.

அத்தையிடம் கேட்கும்போது “உங்களுக்குக் கேன்சரா” என்று கேட்காதீர்கள், பாவம், பயந்துவிடுவார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டும், எடுத்த சதையைச் சோதித்த பயாப்சி சீட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். சீட்டு இல்லையென்றால், ஆபரேஷனுக்குப் பிறகு கரண்டு (கதிர்வீச்சு) வைத்தார்களா, ஊசி மருந்து ஏற்றினார்களா என்று விசாரியுங்கள். கிடைத்ததைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் வாசித்துக்கொள்வேன்.